புல் முடிந்து வைத்தவர்கள்

திருவண்ணாமலையில் தீபத் திருவிழாக் கூட்டம் கலைந்து, மலையுச்சியில் 11 நாளும் எரிந்த தீபமும் இறங்கிய பிறகு, ஊர் ஒரு வாரம் அயர்ந்து கிடக்கும். அப்படியொரு மார்கழித் தொடக்கத்தில் நண்பரின் மோட்டார் சைக்கிளில், ஒரு கூடாரத்தையும் இரண்டு போர்வைகளையும் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் புறப்பட்டோம். பீமன் அருவியைப் பார்ப்பது, அதனருகே ஓர் இரவு தங்குவது, மறுநாள் திரும்புவது என்பதே திட்டம். பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது எழுப்பிய ஒரு கேள்வியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

செங்கம், பரமனந்தல் வழியாக மலையேறினோம். செங்கம் சங்க இலக்கியத்தில் செங்கண்மா. பத்துப்பாட்டில் பத்தாவதாக நிற்கும் மலைபடுகடாம் இந்த ஊரை ஆண்ட நன்னனைப் பாடியது. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். அதில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு என்றும், நவிரமலை இன்றைய பர்வதமலை என்றும் அறிஞர்கள் கொள்வர். உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்ட பிறகு பலமுறை பதிப்பிக்கப்பட்ட நூல்தான். ஆயினும் இந்தச் சாலையில் வார இறுதிகளில் விரையும் வாகனங்களில் எத்தனை பேருக்கு அது நினைவில் இருக்கும்? எனக்கும் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை நினைவூட்டியது ஒரு பாசி படிந்த பாறை.

அருவியில் நீர் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அதன் ஓசையைக் கேட்க முடியவில்லை. எங்களுக்கு முன்பே வந்திருந்த இளைஞர் குழுவொன்று ஒலிபெருக்கியில் திரைப்பாடல்களை அலறவிட்டிருந்தது. பாறை இடுக்குகளில் உடைந்த மதுப்புட்டிகள். நண்பர் படமெடுப்பதற்காகச் சற்று உள்ளே சென்றார். கரையில் ஆடுகளோடு நின்றிருந்த பெரியவர், "அந்த மடுவுப் பக்கம் போவாதீங்க தம்பி, மேல பாத்தா ஆழம் தெரியாது" என்று குரல் கொடுத்தார். இரைச்சலில் நண்பருக்கு அது கேட்கவில்லை. மறுகணம் கால் வழுக்கி, முழங்கை பாறையில் மோதி, மடுவின் விளிம்பில் ஒரு வேரைப் பற்றிக்கொண்டு நின்றார். இரண்டடி தள்ளியிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும்.

புறப்படுமுன் இணையத்தில் அந்த இடத்தைப் பற்றித் தேடிப் படித்திருந்தோம். படங்கள் ஏராளம். 'சொர்க்கம்', 'மறைந்திருக்கும் அழகு' போன்ற சொற்களும் ஏராளம். மடு எங்கே இருக்கிறது, எந்தப் பாறையில் கால் வைக்கக் கூடாது என்று நான் படித்த பதிவு எதிலும் இல்லை.

மலைபடுகடாம் இதைத்தான் சொல்கிறது. 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயருண்டு. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். நன்னனின் புகழைப் பாடுவதோடு அவன் நின்றுவிடவில்லை. விழுந்தவரை மூழ்கடிக்கும் ஆழ்ந்த குளங்களின் ஓரமாகப் போக நேரும், அங்கே நுண்ணிய பாசி அடியை வழுக்கச் செய்யும், சிறுமூங்கிலைப் பற்றிக்கொண்டு போங்கள் என்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, பார்த்து நடங்கள் என்கிறான். தினைப்புனக் காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கற்கள் உங்கள் மேல் படாமல் மறைந்து செல்லுங்கள் என்கிறான். இரவாகிவிட்டால் வீட்டுக்குள் நுழைவதுபோல் மலைக்குகையில் தங்கிக்கொள்ளுங்கள் என்கிறான். கூடாரத்தோடு போன எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கையேடு எது?

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு சிறு குறிப்பு. வழி பிரியும் இடத்தில், பின்னால் வருபவர்கள் அறியும்படி புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான் அந்தக் கூத்தன். நீ சரியான வழியில் போனால் மட்டும் போதாது, உனக்குப் பின்னால் வருபவன் தவறான வழியில் போகக் கூடாது. பயணம் பற்றி எழுதுகிற எவருக்கும் இதைவிடச் சிறந்த அறம் இல்லை என்பது என் கருத்து. நாம் புல் முடிந்து வைக்கவில்லை. புட்டியை உடைத்து வைத்துவிட்டு வருகிறோம்.

நூலின் பெயரையும் யோசித்துப் பாருங்கள். மலையை யானையாக உருவகித்து, அதில் பிறக்கும் ஓசைகளை மதநீராகக் கண்டு வைத்த பெயர் அது. புலி பாய்ந்த கணவனின் புண் ஆற மனைவி பாடும் பாட்டு, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, கிளி ஓட்டுவோரின் கூச்சல், அருவி ஆடுவோரின் ஆரவாரம் என்று ஓசைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார் புலவர். அவற்றில் பெரும்பகுதி அங்கே வாழ்கிற மனிதர்களின் ஓசை. அந்த மலை ஒருபோதும் ஆளில்லாத காட்சிப்பொருளாக இருந்ததில்லை.

இன்றும் இல்லை. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் நிறைந்த மலை அது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி ஆந்திரக் காவல்துறையினர் 20 பேரைச் சுட்டுக்கொன்றனர். அவர்களில் பலர் இந்த ஜவ்வாது மலை ஊர்களைச் சேர்ந்தவர்கள். கூலிக்காக அவ்வளவு தூரம் போய்ச் சாக வேண்டியிருந்த மக்களின் முற்றத்தில்தான் நாம் கூடாரம் அடிக்கிறோம். இதை அறியாமல் அருவியின் அழகைப் பற்றி மட்டும் பேசுவது அரைப் பார்வை.

காட்டுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை என்று ஜமுனாமரத்தூரில் சொன்னார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மூண்ட தீயை நினைத்துக்கொண்டோம். மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் அதில் உயிரிழந்தனர். அதன் பிறகே மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024இல் அரசே தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில், பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். ஆற்றுப்படையின் கூத்தனுக்கு இன்று ஊதியமும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வரவேற்கத்தக்க தொடக்கம்.

வெளியார் யாரையும் மலைக்குள் விடவே கூடாது என்போர் உண்டு. அவர்களுடைய கோபம் புரிகிறது, ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. மலைபடுகடாமும் கதவை அடைக்கவில்லை. மலைச் சிற்றூர்களுக்குள் உங்கள் வீட்டுக்குள் போவதுபோலத் தயங்காமல் நுழையுங்கள் என்றே சொல்கிறது. ஆனால் அந்த உரிமை கூத்தருக்கு எப்படி வந்தது? அவர்கள் கையில் யாழும் முழவும் இருந்தன. கொடுக்க ஏதோ இருந்தது. நம்மில் பலர் நுழையும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அன்று இரவு, குரல் கொடுத்த அந்தப் பெரியவரே தம் கொல்லையில் இடம் கொடுத்தார். அறுவடை முடிந்த சாமைக் கொல்லை. அவர் வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் கிடைத்தன. நண்பரின் முழங்கைக்கு ஏதோ பச்சிலையை அரைத்துக் கட்டினார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்தார். "அடுத்த தபா வந்தா சாமை வாங்கிக்கினு போங்க" என்றார். இரவில் வானம் அத்தனை தெளிவாக இருந்தது. இந்த இருட்டுக்காகத்தான் அருகே காவலூரில் 1968 முதல் தொலைநோக்கி வைத்து விண்ணை ஆராய்கிறார்கள். ஆரவாரமெல்லாம் ஓய்ந்திருந்தது. நெடுநேரம் கழித்துத் தொலைவில் நீர் விழும் ஓசை எனக்குக் கேட்டது. அது பிரமை என்றார் நண்பர். இருக்கலாம்.

எனவே பீமன் அருவிக்குப் போகிறவர்களுக்கு என் பங்குப் புல்முடிச்சு இது. மழைக்காலம் முடிந்த கையோடு போங்கள். கோடையில் பாறைதான் மிஞ்சும். அருவிக்குக் கீழே பசுமையாகத் தெரியும் பாறைகளில் கால் வைக்காதீர்கள். மடு ஆழமானது. காட்டில் தங்காதீர்கள், ஊரில் கேட்டுத் தங்குங்கள். கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள். கரையில் ஆடு மேய்ப்பவர் யாராவது குரல் கொடுத்தால், பாட்டை நிறுத்திவிட்டு அதைக் கேளுங்கள்.