பெயர் இல்லாத ஆண்டு மலர்

பள்ளி ஆண்டு மலர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டும் பக்கம் எது? தாளாளர் வாழ்த்துரையா? ஆண்டறிக்கையா? நிச்சயமாக இல்லை. தன் வகுப்பு குரூப் போட்டோ இருக்கும் பக்கம்தான். தன் முகத்தைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. கீழே பொடி எழுத்தில் "நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று தொடங்கும் வரியில் தன் பெயரைத் தேடுவது இரண்டாவது வேலை.

அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

மூன்றாவது வரிசையில் 14 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ ஜனவரியில் எடுத்தது. பெயர்ப் பட்டியல் மார்ச்சில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதியது. இடையில் ஆறாவதாக நின்ற பையன் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். பதிவேட்டில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். ஆனால் போட்டோவில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். விளைவு என்ன? ஆறாவது முகத்துக்கு ஏழாவது பையனின் பெயர், ஏழாவதுக்கு எட்டாவது பெயர் என்று வரிசையே ஒரு இடம் நகர்ந்துவிடும். கடைசியில் நிற்பவனுக்குப் பெயரே கிடையாது. விடுபட்டது ஒரு பெயர். கெட்டுப்போனது ஒன்பது பேரின் படம்.

இதை யாரும் பெரிய தவறாக எடுத்துக்கொள்வதில்லை. "சின்ன மிஸ்டேக், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பார்கள். பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவனுக்கு அந்தப் பள்ளியில் அடுத்த வருஷம் ஏது?

ஆண்டு மலர் தயாரிப்பில் அட்டைக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது பிள்ளைகளின் பெயர்களுக்குக் காட்ட வேண்டும். பெயர் சரியாக இல்லாத மலர், எத்தனை பளபளப்பான தாளில் வந்தாலும் பாதி வேலைதான்.

அட்டைக்கு ஆறு கூட்டம், பெயருக்கு ஒரு இரவு

பெரும்பாலான பள்ளிகளில் மலர் எப்படித் தயாராகிறது? முதலில் ஆசிரியர் குழு கூடும். ராப்பருக்கு எந்தப் படம், மேட் லேமினேஷனா கிளாஸா, பள்ளியின் பெயரைத் தங்க நிறத்தில் போடலாமா என்று விவாதம் நடக்கும். அப்புறம் வாழ்த்துரைகளுக்காக அலைச்சல். அவற்றில் பல ஒரே அச்சில் வார்த்தவை: "மாணவர்களின் திறமைகளை வெளிக்கொணரும் இம்மலர் மென்மேலும் சிறக்க..." பெயரையும் பதவியையும் மாற்றினால் யாருடைய வாழ்த்துரை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பக்கம், மேலே கலர் போட்டோ.

இதெல்லாம் முடிவதற்குள் ஆண்டு விழா நெருங்கிவிடும். சிறப்பு விருந்தினர் மேடையில் மலரை வெளியிட்டாக வேண்டும். அச்சகத்திலிருந்து போன் மேல் போன் வரும். அப்போதுதான் வகுப்புப் படங்களுக்குப் பெயர் எழுதும் வேலை ஒரு தமிழாசிரியர் தலையிலோ, கையெழுத்து நன்றாக இருக்கும் இரண்டு பிளஸ் ஒன் மாணவிகள் தலையிலோ விழும். ஒரே இரவில் ஆயிரம் பெயர். தப்பு வராமல் என்ன செய்யும்? அந்த ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. நேரத்தைப் பங்கு போட்ட விதம்தான் தவறு.

பெயர் எங்கெல்லாம் உடைகிறது?

முதல் இடம், ஆங்கிலப் பட்டியல். பல பள்ளிகளில் கணினியில் கைக்கு எளிதாகக் கிடைப்பது ஆங்கிலப் பட்டியல்தான். அதைப் பார்த்துத் தமிழில் எழுதும்போது வள்ளிக்கும் வல்லிக்கும் வித்தியாசம் தெரியாது. கனியும் கணியும் ஒன்றாகிவிடும். குறில் நெடில் தெரியாது. ல, ள குழப்பம், ன, ண குழப்பம். எழுதுகிறவர் ஊகத்தில் எழுதுவார். ஊகம் பாதி நேரம் சரியாக இருக்கும். மீதிப் பாதி?

இரண்டாவது, இனிஷியல். ஒரு வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒற்றை எழுத்துதான். ஒருவனுக்கு "சு", இன்னொருவனுக்கு "எஸ்" என்று கலந்து போட்டால் வீட்டில் உள்ளவர்களுக்கே சந்தேகம் வரும். அம்மா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. அதைத் தவறு என்று நினைத்து "திருத்தி" விடுகிறவர்களும் உண்டு.

மூன்றாவது, எழுத்துரு. பெயர்களைச் செல்போனிலோ எக்செல்லிலோ யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். டிடிபி செய்பவர் பழைய பேஜ்மேக்கரில் வேலை செய்பவராக இருந்தால் அதைத் தன் பழைய எழுத்துருவுக்கு மாற்றியாக வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல். யூனிகோட் தமிழை அதில் அப்படியே ஒட்டினால் வராது. மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஸ்ரீ காணாமல் போகும், ஷ வேறு எழுத்தாகும். இன்டிசைன் மென்பொருளில் 2012இல் வந்த சி.எஸ்.6 பதிப்பிலிருந்து தமிழ் யூனிகோடை நேரடியாகக் கையாளும் வசதி இருக்கிறது. அதற்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் அதிலும் எழுத்துகள் உடையும். ஆக, எக்செல்லில் சரியாக இருந்தது என்பதால் பக்கத்திலும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. பக்கம் வடிவமைத்த பிறகு இன்னொரு முறை மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும்.

நான்காவது, படமே. அச்சுக்குப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 7 அங்குல அகலத்தில் குரூப் போட்டோ போட 2,100 புள்ளி அகலம் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வந்து சேரும். திரையில் அழகாகத் தெரியும். தாளில் 14 பேரும் ஒரே முகமாகத் தெரிவார்கள். அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. கேமராவிலிருந்து பென் டிரைவில் வாங்கினால் இன்னும் நல்லது.

தவறின் விலை

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் பிடித்த பகுதி இனி.

ஒரே எழுத்துப் பிழைதான். அதை எக்செல்லில் கண்டுபிடித்தால் திருத்தச் செலவு பூஜ்யம். பக்கம் வடிவமைத்த பிறகு கண்டுபிடித்தால் டிடிபி செய்பவரின் ஐந்து நிமிடமும் கொஞ்சம் முணுமுணுப்பும். பிளேட் போட்ட பிறகு என்றால் புது பிளேட். அச்சான பிறகு என்றால் ஒரு பாரம் முழுக்க வீண். பாரம் என்பது ஒரு பெரிய தாளின் இரு புறமும் சேர்ந்து அச்சாகும் 8 அல்லது 16 பக்கங்கள். ஒரு எழுத்துக்காக அத்தனை பக்கத்துக்கும் தாள், மை, கூலி எல்லாம் மறுபடி கொடுக்க வேண்டும். பைண்டிங் ஆனபின் என்றால் ஸ்டிக்கர் ஒட்டலாம், அல்லது "பிழை திருத்தம்" என்று ஒரு துண்டுச் சீட்டு வைக்கலாம். அந்தச் சீட்டு புத்தகத்தை விரித்த முதல் நாளே கீழே விழுந்துவிடும்.

ஆக, மெய்ப்பு பார்ப்பதற்குச் செலவிடும் இரண்டு நாள்தான் மொத்த வேலையிலும் லாபமான முதலீடு.

இன்னொரு சின்ன விஷயம். நாலு கலர் அச்சில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட். பெயர்களைக் கறுப்பில் மட்டும் வைத்தால் கடைசி நேரத் திருத்தத்துக்குக் கறுப்பு பிளேட் ஒன்றை மாற்றினால் போதும். அழகுக்காகப் பெயர்களை நாலு கலரும் கலந்த நிறத்தில் போட்டால் நான்கு பிளேட்டும் மாற வேண்டும். அதோடு, பிளேட்கள் மயிரிழை விலகினாலும் பொடி எழுத்துக்கு நிழல் விழும். பெயருக்குக் கறுப்பே அழகு.

நாமினல் ரோலும் ஆண்டு மலரும்

பொதுத் தேர்வுக்கு நாமினல் ரோல் தயாரிக்கும்போது பள்ளிகள் எவ்வளவு கவனமாக இருக்கின்றன! பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாவற்றையும் மாணவனிடமே காட்டிச் சரிபார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். வீட்டிலும் காட்டிவரச் சொல்கிறார்கள். அதே பள்ளி, அதே மாணவன், அதே பெயர். ஆண்டு மலருக்கு மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை?

"அது சான்றிதழ், வாழ்க்கைப் பிரச்சினை. இது வெறும் மலர்தானே" என்று சொல்லலாம். சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடும். மலரைத்தான் பாட்டி பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவார். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பிள்ளையின் பெயர் அச்சில் வந்த ஒரே புத்தகம் பள்ளி ஆண்டு மலராகத்தான் இருக்கும். முதல் மதிப்பெண் வாங்கியவன் பெயர் நோட்டீஸ் போர்டில் வரும், ஃபிளெக்ஸில் வரும், செய்தித்தாளிலும் வரலாம். கடைசி பெஞ்ச் பையனுக்கு இந்த ஒரு வரிதான். அந்த ஒரு வரியிலும் அடுத்தவன் பெயரைப் போட்டால் எப்படி?

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். போட்டோ எடுக்கும் அன்றே, வரிசை கலைவதற்கு முன், வகுப்புத் தலைவன் ஒரு தாளில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதிக்கொள்ளட்டும். பத்து நிமிட வேலை. அன்று வராதவர்களின் பெயர்களைத் தனியாக எழுதிப் படத்தின் கீழே "படம் எடுத்த அன்று வராதவர்கள்" என்று போடட்டும். காய்ச்சலில் படுத்திருந்தவனும் அந்த வகுப்புதானே. டி.சி. வாங்கிப் போனவன் படத்தில் இருந்தால் பெயரிலும் இருக்கட்டும்.

பக்கம் தயாரானதும் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு நாள் ஒட்டி வையுங்கள். அவரவர் பெயரை அவரவர் பார்த்துப் பக்கத்தில் டிக் அடிக்கட்டும். ஐம்பது பேர் வகுப்பில் ஐம்பது மெய்ப்புத் திருத்துநர்கள், சம்பளம் இல்லாமல்! தன் பெயரில் உள்ள பிழையைத் தன்னைவிட வேகமாக யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

முடிந்தால் இன்னும் ஒன்று. பள்ளியில் படிக்கும் அத்தனை பேரின் பெயர்ப் பட்டியலையும் வகுப்பு வாரியாக மலரின் கடைசியில் சேருங்கள். 1,200 மாணவர்கள் என்றால், பக்கத்துக்கு மூன்று பத்தி, பத்திக்கு 50 வரி என்று போட்டால் எட்டே பக்கம். ஒற்றை நிறம், சாதாரண மேப்லித்தோ தாள் போதும். முகவரி, செல்போன் எண், பிறந்த தேதி எதுவும் வேண்டாம், மலர் பி.டி.எஃப் ஆக எங்கெல்லாம் சுற்றும் என்று யாருக்கும் தெரியாது. அட்டைக்கு ஸ்பாட் யூவி போடக் கொட்டேஷன் வாங்கும்போது இந்த எட்டுப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரு கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள். எது வேண்டும் என்று பிறகு முடிவு செய்யலாம்.

"வாழ்த்துரையைக் குறைத்தால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், விளம்பரம் தருபவர்கள் வருத்தப்படுவார்கள்" என்ற பயம் நியாயமானதுதான். விளம்பரம் இல்லாமல் பல பள்ளிகளில் மலரே வராது. விளம்பரம் இருக்கட்டும். வாழ்த்துரைகளை நான்கு நான்கு வரியாக இரண்டே பக்கத்தில் அடக்கிவிடலாம். நான்கு வரி என்றால் வாசிப்பவர்களும் கிடைப்பார்கள்!

கடைசியாக நேரம். மேடை வெளியீட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அச்சுக்கும் பைண்டிங்குக்கும் அச்சகம் எத்தனை நாள் கேட்கிறதோ அதைக் கழியுங்கள். வகுப்பில் ஒட்டிச் சரிபார்க்க மூன்று நாள் கழியுங்கள். திருத்த இரண்டு நாள். மீதி இருப்பதுதான் அட்டை, கவிதை, வாழ்த்துரை எல்லாவற்றுக்கும். நேரம் போதவில்லை என்றால் அட்டையில் குறையுங்கள், பெயரில் குறைக்காதீர்கள்.

நாளை கல்லூரி மலர், துறை மலர் என்று இந்த வேலை உங்கள் தலையிலும் விழலாம். அப்போது பிளேட்டுக்கு அனுப்பும் முன் குரூப் போட்டோவில் தலைகளை எண்ணுங்கள். பிறகு கீழே உள்ள பெயர்களை எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக வரும்வரை அச்சகத்துக்குச் சரி சொல்லாதீர்கள்.