நஞ்சை இழந்த தவளை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

உலகம் அறியாதவனைக் 'கிணற்றுத் தவளை' என்று ஏளனம் செய்வது நம் வழக்கம். ஆனால் இன்று, கடல் கடந்த காட்டுத் தவளை ஒன்றை இரண்டடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துவைத்து, "என்ன அழகு!" என்று வியக்கும் காலம் பிறந்திருக்கிறது. நச்சு அம்புத் தவளை என்பது அதன் பெயர். மேலை நாடுகளில் பல்லாண்டுகளாக வளர்க்கப்பட்டுவரும் இத்தவளையின் படங்கள் இப்போது நம் கைப்பேசிகளிலும் வலம் வருகின்றன. "அடையாறில் ஒரு வீடு, அதன் கூடத்தில் இப்படியொரு பெட்டி" என்று கனவு காணும் நண்பர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. அவர்களோடு வாதாடவே இதை எழுதுகிறேன். அத்தவளையை நாம் படிக்க வேண்டும். வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளே இக்குடும்பத்தின் தாயகம். நம் தவளைகள் இரவில் உலவும். இவையோ பட்டப்பகலில் திரியும். நீலம், மஞ்சள், சிவப்பு என்று பளிச்சிடும் தோல், 'என்னைத் தின்னாதே' என்னும் எச்சரிக்கைப் பலகை. 1978-இல் உலகுக்கு விவரிக்கப்பட்ட பொன்னிறத் தவளை கொலம்பியாவின் பசிபிக் கரையோரக் காடுகளைச் சேர்ந்தது. அதன் தோலிலுள்ள நஞ்சு பத்து மனிதரைக் கொல்லப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அங்குள்ள எம்பேரா பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்பின் நுனியை இத்தவளையின் முதுகில் தேய்த்து வேட்டைக்குச் செல்வார்கள். பெயர்க் காரணம் அதுவே.

குணத்திலும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. பொன்னிறத் தவளைக்கு அச்சமே கிடையாது. ஆள் வந்தால் கண்ணாடியருகே வந்து நிற்கும், கூட்டமாகவும் வாழும். பச்சையும் கறுப்பும் கலந்த மற்றொன்று கூச்சம் மிகுந்தது. இலைச் சருகுக்குள் ஒளிந்துகொள்ளும். சாயத் தவளை என்னும் இனத்தில் இரண்டு பெண் தவளைகளை ஓர் ஆணோடு விட்டால் மல்யுத்தம்தான்! ஒன்றையொன்று அழுத்திப் புரட்டும்; ஒன்றின் முட்டையை மற்றொன்று தின்னும்; தோற்றது இரையெடுக்காமல் மெலியும்.

இனப்பெருக்கமோ இன்னும் வியப்புக்குரியது. வளர்ப்போர் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, விளிம்பில் வாசல் வெட்டி, அடியில் நம் ஆய்வகத்துப் பெட்ரித் தட்டை வைக்கிறார்கள். அதுவே பிரசவ அறை! சாயத் தவளையின் முட்டைகளுக்குத் தந்தையே காவல். அவை காய்ந்துவிடாமல் ஈரப்படுத்தி, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பொரிக்கும் தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து சென்று நீரில் விடுவது ஆண் தவளை. செம்புற்றுப்பழத் தவளையிலோ தாய்க்கே பெரும்பங்கு. இலைக்கக்கத்தில் தேங்கிய நீரில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே விட்டு, அவ்வப்போது வந்து கருவுறாத முட்டையை உணவாக இடும். அந்த முட்டை வழியாகவே தாயின் நஞ்சும் பிள்ளைக்குச் சேர்கிறது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. தாய் ஊட்டுவது சோறு மட்டுமன்று, கவசமும்தான்!

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அந்த நஞ்சு தவளை தானே செய்துகொள்வதன்று. காட்டில் தின்னும் எறும்பு, உண்ணி, வண்டு ஆகியவற்றிலிருந்து அது சேர்ப்பது. கண்ணாடிப் பெட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளரும் தவளையிடம் நஞ்சு இல்லை. நிறம் இருக்கும், பெயர் இருக்கும். ஆனால் அந்த எச்சரிக்கைப் பலகைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. காட்டின் எறும்பையும் சருகையும் நீக்கிவிட்டால் அந்த உயிரின் ஒரு பாதியே போய்விடுகிறது. எஞ்சிய பாதிக்குத்தான் விலை பேசுகிறோம்.

"வளர்ப்பில் பிறந்ததை வாங்கினால் காட்டுத் தவளை தப்பிக்குமே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முறையாகப் பெருக்கி விற்பதால் திருட்டு குறையலாம். ஆனால் ஆசை வளர வளரத் திருட்டும் வளர்வதையும் பார்க்கிறோம். 2024 சனவரியில் கொலம்பியத் தலைநகர் போகோட்டாவின் விமான நிலையத்தில், புகைப்படச் சுருள் டப்பாக்களில் அடைத்த 130 நச்சுத் தவளைகளுடன் ஒரு பெண் பிடிபட்டார். நம் சென்னை விமான நிலையத்திலும் அயல்நாட்டு உயிரினங்கள் பெட்டிகளில் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறதன்றோ?

சட்டமும் இதில் உண்டு. இத்தவளைகள் 1987 முதல் சைட்டஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. நம் வனவிலங்குச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும் 2024-இல் வந்த விதிகளின்படியும், பட்டியலிலுள்ள அயல் உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, வெயில் இருக்கிறது. இவற்றுக்கு ஏற்றது 22 முதல் 27 பாகை வெப்பம். நம் கத்திரி வெயிலோ 40-ஐத் தாண்டும். மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டும் என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நமக்கே ஃபேன் காத்துதான், தவளைக்கு ஏ.சி.யா?" என்றார். மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றினும் பெரிய அச்சம் நோய். வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் இறந்த நீல அம்புத் தவளையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சை 1999-இல் விவரிக்கப்பட்டது. அத்தவளையின் பேரினப் பெயரையே அதற்கும் சூட்டினார்கள். அந்தக் கைட்ரிட் பூஞ்சை நோயால் குறைந்தது 501 நீர்நில வாழ்வன இனங்கள் குன்றின, அவற்றுள் 90 அழிந்ததாகக் கருதப்படுகிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு சொன்னது. நோய் ஊர்விட்டு ஊர் செல்லத் தவளை வணிகமும் ஒரு வழி. அலங்காரப் பெட்டியின் நீரைச் சாக்கடையில் கொட்டும் ஒரு கைக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கிறது!

அப்படியானால் தவளையின் குணத்தையும் குடும்பத்தையும் நாம் எங்கே பார்ப்பது? மழைக்காலத்தில் சென்னையிலேயே பார்க்கலாம். நல்ல மழை விழுந்ததும் நம் காளைத் தவளையின் ஆண் எலுமிச்சை மஞ்சளாகிறது. தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் புடைக்கின்றன. எந்த அம்புத் தவளைக்கு அது இளைத்தது? மரத்தவளை தண்ணீருக்கு மேலே கிளையிலோ தொட்டிச் சுவரிலோ நுரைக்கூடு கட்டுகிறது. பொரித்த தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நேரே நீரில் விழுகின்றன. சொறித்தவளையின் முட்டைகள் நீரில் சரம் சரமாகக் கிடக்கும், என் அம்மா கட்டும் பூச்சரம்போல.

2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வகத்தில் பிராணிகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னது. நல்ல செயல். ஆனால் அறுப்பது நின்ற இடத்தில் பார்ப்பது தொடங்க வேண்டாமா? என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரவு மழையில் கத்துவது எந்தத் தவளை என்று தெருவார் கேட்டால், விலங்கியல் படித்த பிள்ளை படத்தைக் காட்டியா பதில் சொல்வது?

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் தாவரவியல் தோட்டத்தின் ஓரத்தில், பத்தடிக்கு ஆறடி அளவில் ஓர் ஆழமற்ற தொட்டி வேண்டும். வால் உதிர்ந்த குட்டிகள் கரையேற ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும். தவளைகளைப் பிடித்துவந்து விட வேண்டாம். நீர் இருந்தால் தாமே வரும். கொசு வருமே என்பார்கள். வாரந்தோறும் கைவலையால் கொசுப் புழுக்களை அள்ளும் பொறுப்பை மாணவர்களாகிய நாங்கள் ஏற்கிறோம். மழை நாள், கேட்ட குரல், கண்ட முட்டை ஆகியவற்றை எழுத ஒரு பதிவேடு போதும். பாம்பென்றால் அடி என்றிருந்த இந்த நகரத்தில், 1972 முதல் கிண்டிப் பாம்புப் பண்ணை நம் மண்ணின் பாம்புகளைக் கண்ணெதிரே காட்டி எத்தனை பேரின் அச்சத்தைப் போக்கியது! தவளைக்கு ஒரு தொட்டி பெரிய செலவன்று.

பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் அடுத்த ஐப்பசி மழைக்குள் இது ஆகிவிடும். மண்வெட்டி பிடிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.