ரண சிகிச்சையும் ரத்த விஷமும்

ரண சிகிச்சை செவ்வனே முடிந்து வைத்தியர் கத்தியைக் கீழே வைத்த மாத்திரத்தில் நோயாளி பிழைத்தான் என்று சொல்வதற்கில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஜுரம் காண்கிறது, நாடி விரைகிறது, ரத்தத்தில் வெள்ளணுக்கள் பெருகுகின்றன. இது ஸெப்ஸிஸ் என்னும் கொடிய வியாதியா, அல்லது தேகம் அறுபட்டதனால் இயல்பாக எழுந்த கொதிப்பா? இரண்டும் ஒரே வேஷத்தில் வருவதுதான் சங்கடம். ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஓரிரு தினங்கள் பிடிக்கும். அப்பொழுதும் பலரிடம் கிருமி அகப்படுவதில்லை. தாமதித்தால் உயிர் போகிறது. அவசரப்பட்டு எல்லோருக்கும் கிருமிக்கொல்லி மருந்துகளை வாரி வழங்கினாலோ, மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர்கின்றன.

2017-ஆம் வருஷத்தில் மட்டும் உலகில் 4.89 கோடிப் பேரை ஸெப்ஸிஸ் பீடித்தது என்றும், 1.1 கோடிப் பேர் மாண்டனர் என்றும் 2020-இல் வெளியான கணக்கு கூறுகிறது. இவர்களெல்லோரும் ரண சிகிச்சை பெற்றவர்களல்லர். ஆயினும் இவ்வியாதிக்காளானவர்களில் நூற்றுக்கு 85 பேர் வறிய, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

இந்நிலையில் விஞ்ஞானிகள் ஒரு புதிய வழி கண்டிருக்கிறார்கள். கிருமியைத் தேடுவதற்குப் பதிலாக, அதை எதிர்க்கும் வெள்ளணுக்களின் நிலையைப் படிப்பதே அது. சத்துரு புகுந்ததும் அவ்வணுக்களில் சில மரபணுக்கள் விழித்தெழுகின்றன, சில அடங்குகின்றன. அவை வெளியிடும் ஆர்.என்.ஏ.யை அளந்தால் ஸெப்ஸிஸை வெறுங் கொதிப்பினின்றும் பிரித்தறிய இயலும். (இது நோயாளியின் குலத்தையோ பிறவிக் குணத்தையோ ஆராயும் சோதனையன்று.) 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘ஸெப்டிஸைட்’ சோதனை நான்கு மரபணுக்களைப் பார்த்தது, 2021-இல் வந்த அதன் அடுத்த வடிவம் இரண்டைக் கொண்டு சுமார் ஒரு மணி நேரத்தில் விடை தருகிறது. 2025-இல் அனுமதி பெற்ற ‘டிரைவெரிட்டி’ 29 ஆர்.என்.ஏ.க்களை அரைமணி நேரத்தில் அளக்கிறது.

எனினும் இச்சோதனைகள் தருவது ஓர் எண். அது மிக உயர்ந்தோ மிகத் தாழ்ந்தோ இருந்தால் உதவும், நடுவில் நின்றால் வைத்தியர் மீண்டும் நாடியைப் பிடித்துத்தான் தீரவேண்டும். மேலும், இவை பெரும்பாலும் மேனாட்டு நோயாளிகளிடமே பரீக்ஷிக்கப்பட்டவை. நம் ஆஸ்பத்திரிகளில் காணும் கிருமிகளும், க்ஷயமும் போஷாக்குக் குறைவும் சேர்ந்த நம் ஜனங்களின் தேகநிலையும் வேறு. அந்நியர் சொன்ன எண்ணை அப்படியே ஏற்பது விவேகமாகாது. அவர் சொன்ன விலையைக் கொடுப்பதும் நம்மால் ஆகாது.

இத்துறையில் நாம் கையாலாகாதவர்களல்லர். கோவாவில் தயாராகும் ‘ட்ரூநாட்’ யந்திரம் க்ஷயத்தைக் கண்டறிய 2020-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்றது; மின்கலத்தில் ஓடும் அது கிராமத்துச் சுகாதார நிலையங்களையும் எட்டியிருக்கிறது. ஆர்.என்.ஏ.யை அளக்கும் பயிற்சி கோவிட் காலத்தில் நம் நாடெங்கும் பரவிற்று. ஆகவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் தாமதமின்றி முன்வந்து, சர்க்கார் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ரண சிகிச்சை பெறுவோரின் ரத்தத்தை அவர்கள் சம்மதத்துடன் சேகரித்து, இம்மரபணுக் குறிகள் நம்மவரிடம் எவ்வளவு தூரம் பலிக்கின்றன என்று சோதிக்க வேண்டும். பலிக்குமாயின், சுதேச யந்திரத்தில் ஓடும் சோதனையைப் பொதுப்பணத்தில் ஆக்கி, ஜில்லா ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இலவசமாக அளிக்க வேண்டும்.