யாருடைய சோற்றில் கை வைக்கிறீர்கள்?

காலை எட்டு மணிக்கு மண்ணூர்பேட்டை பேருந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஏற்றுமதித் தையல் கம்பெனிகளுக்குப் பெண்கள் வேகவேகமாக நடந்துகொண்டிருப்பார்கள். அதே சாலையில் மேற்கே போனால் ஆவடி. ரஷ்ய உரிமத்தில் டி-72, டி-90 டாங்கிகளைக் கட்டிய கனரக வாகனத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. உக்ரைன் போர் நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்தது. தாக்கப்பட்டவருக்கு ஆயுதம் தருவதா, தாக்கியவர்மீது பொருளாதாரத் தடை போடுவதா என்ற விவாதம் அன்று தொடங்கியது. ரத்தம் சிந்தாத வழி என்பதால் தடையே மேல் என்று முற்போக்காளர் பலரும் நினைக்கிறோம்.

பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று சேரிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, பொதுக்குழாயில் தண்ணீர் கிடையாது. ஊர்விலக்கிலும் ரத்தம் சிந்துவதில்லை, வயிறுதான் காய்கிறது. அதனால்தான் 2015 திருத்தம் வழியாக, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது.

நாடுகளுக்கு இடையிலும் சுமை கீழேதான் இறங்குகிறது. ஐ.நா.வில் நடுநிலை வகித்த இந்தியா, மலிவு விலை ரஷ்ய எண்ணெயை வாங்கிக் குவித்தது. சுத்திகரிப்பு ஆலைகள் லாபம் பார்த்தன, சென்னையில் பெட்ரோல் மட்டும் நூறு ரூபாய்க்கு மேலேயே நின்றது. அதற்குத் தண்டனை என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. சுத்திகரித்த எண்ணெய்க்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது, நாம் தைத்த சட்டைக்குக் கிடைக்கவில்லை. எண்ணெய் வாங்கியவர் ஒருவர், ஓவர்டைம் இழப்பவர் வேறொருவர்.

அப்படியானால் ஆயுத உதவி புனிதமானதா? இல்லை. ஈழப் போராளிகளுக்குப் பயிற்சியும் ஆயுதமும் தந்த இந்தியா, 1987இல் அமைதிப்படை என்ற பெயரில் போய் அவர்களையே சுட்டது. கொடுக்கும் கைக்கு எப்போதும் ஒரு கணக்கு உண்டு. ஆனாலும் வீடு புகுந்து அடிப்பவனைத் தடுக்க அடிபடுபவன் கம்பெடுக்கும்போது அவனுக்கு அகிம்சை போதிப்பது ஆதிக்கவாதியின் பழக்கம். தலித்துகள் திருப்பி அடித்த ஒவ்வொரு முறையும் அந்தப் போதனையைக் கேட்டவர்கள் நாம். உக்ரைன் மக்களுக்குத் தற்காப்பு உரிமை உண்டு. அதற்கான ஆயுதத்தை மறுப்பது நடுநிலை ஆகாது.

தடையும் வேண்டும், ஆனால் அது குறி தவறக்கூடாது. போர் நடத்துபவர்களின் வங்கிக் கணக்கு, அவர்களின் எண்ணெய் வருமானம், ஆயுத உதிரிபாகம் ஆகியவற்றை முடக்குங்கள். மருந்தையும் உணவையும் தொழிலாளியின் கூலியையும் தொடாதீர்கள்.

அடுத்த முறை எந்த நாட்டின்மீது தடை கோரி முழக்கம் எழுந்தாலும், கையெழுத்திடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள் தோழர்களே: இது அதிபரின் மேசையில் விழுமா, தையல்காரப் பெண்ணின் சோற்றுத் தட்டில் விழுமா?