கரிசல் பொழியில் பேட்டரி மிஷின்

ஐப்பசி மழை விழுந்து மூன்று வாரம் ஆனால் போதும், கோவில்பட்டி வட்டாரத்தில் பொழி எது, பாதை எது என்று தெரியாது. அருகும் கோரையும் பார்த்தீனியமும் முழங்காலைத் தொட்டுவிடும். பண்ணரிவாளோடு வர ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. உளுந்துக்கும் பாசிக்கும் களையெடுக்கவே ஆள் போதாத நேரம் அது. சரி, புல் வெட்டும் மிஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போகிறவருக்குச் சொல்லி வைத்தாற்போல் ஒரே பதில்: "பேட்டரியெல்லாம் பங்களா புல்தரைக்குத்தான் அண்ணாச்சி. நம்ம கரிசலுக்குப் பெட்ரோல்தான் சரி."

விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு எங்கும் இதே பேச்சு. இழுவை இல்லை, சார்ஜ் நிற்காது, வெயிலில் பேட்டரி போய்விடும், விலையும் கூடுதல் என்று காரணங்களை அடுக்குவார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மொத்தமாக ஒதுக்குவதுதான் தவறு.

இழுவையிலிருந்து தொடங்கலாம். பேட்டரியை நம்ப முடியாது என்று சொல்பவரின் முதுகிலேயே பல நேரம் ஒரு பேட்டரி இருக்கிறது. 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியபோது, கைத்தெளிப்பானை அடித்து அடித்துத் தோள் ஓய்ந்தவர்களுக்குக் கைகொடுத்தது பேட்டரி ஸ்பிரேயர். அதில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி அளவிலான சாதாரண ஈய-அமில பேட்டரி. 16 லிட்டர் டேங்கைத் திரும்பத் திரும்ப நிரப்பி அடித்த அந்த அனுபவம், புல் வெட்டும் மிஷின் என்று வந்ததும் மறந்துபோகிறது.

மறக்க வைத்தது மலிவுச் சரக்கு. '48 வோல்ட்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு சின்ன மிஷின் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அதன் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் 21 வோல்ட் என்று இருக்கும். உள்ளே ஐந்து லித்தியம் செல்கள், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட் வீதம் மொத்தம் 18. முழுச் சார்ஜில் 21. இரண்டு ஆம்பியர்-மணி கொள்ளளவு என்றால் அதில் அடங்கும் மின்சாரம் 36 வாட்-மணிதான். அதைக் கோரைப் புதரில் விட்டால் திணறத்தான் செய்யும். உண்மையான 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேக் ஒன்றில் இருப்பதோ 144 வாட்-மணி, அதாவது நான்கு மடங்கு. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பார்க்காமல் மிஷின் வாங்கக் கூடாது. பிரஷ் இல்லாத மோட்டாரா என்றும் கேட்க வேண்டும். அதில் தேய்கிற கார்பன் கிடையாது, சூடும் குறைவு. இந்த இரண்டையும் விசாரித்து வாங்கிய மிஷின் பொழிப் புல்லையும் ஓடைக்கரைப் புல்லையும் வெட்டத் தயங்காது.

எந்த மிஷினுக்கும் ஓர் எல்லை உண்டு. சீமைக் கருவேலத்தின் அடித்தூரை வெட்ட இது போதாது; அதற்கு ரம்பம் வேண்டும், பெரிய தூர் என்றால் ஜேசிபிதான். பயிர் வரிசைக்கு நடுவே களையெடுக்கவும் இது உதவாது. கோரை கிழங்கிலிருந்து முளைக்கிறது. மேலே வெட்ட வெட்ட மறுபடி தழைக்கும். வேரோடு கிள்ளி எடுக்கும் பெண்களின் கைக்கும் களைக்கொத்திக்கும் இன்னும் மாற்று வரவில்லை. ஆளே வேண்டாம், மிஷின் போதும் என்று யாராவது விற்றால் அதையும் நம்பக் கூடாது.

சார்ஜ் நிற்பதில்லை என்பது அடுத்த புகார். அடர்ந்த புல்லில் ஒரு பேக் அரை மணி, முக்கால் மணி ஓடினாலே நல்லது. இதை மறைக்க வேண்டியதில்லை. பெட்ரோல் மிஷினும் ஒரு லிட்டர் அளவு டேங்க் காலியானதும் நிற்கத்தான் செய்கிறது. ஊற்றினால் உடனே ஓடும் என்பது அதன் பலம். பேட்டரிக்கு அந்தப் பலத்தைத் தருவது இரண்டாவது பேக். நாள் முழுக்கக் கூலிக்கு வெட்டுகிறவருக்குப் பெட்ரோல் மிஷினே ஏற்றது. தன் இரண்டு மூன்று ஏக்கர் புஞ்சையின் பொழியையும், வீட்டைச் சுற்றியும், ஊர்க் கோயில் வளாகத்தையும் வெட்டுகிறவர் அதிகாலையில் ஒரு பேக், வெயில் தாழ்ந்து ஒரு பேக் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். நடுப்பகலில் யாரும் இந்தக் கரிசலில் நின்று புல் வெட்டப்போவதில்லை.

வெயில் பற்றிய பயம்தான் இருப்பதிலேயே நியாயமானது. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. சாதாரணமாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேக் அந்தச் சூட்டில் தானே சார்ஜை மறுத்துவிடும். ஆனால் பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் வெட்டும் நேரத்து வெயில் இல்லை. வெட்டி முடித்த கையோடு, தொட்டால் சுடுகிற பேக்கைச் சார்ஜரில் மாட்டுவதும், தகரக் கொட்டகையில் உரமூட்டை மேல் போட்டு வைப்பதும்தான். அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டு மாட்டினால் போதும். வீட்டுக்குள் நெல் குதிர் இருக்கும் மூலையே பேக்கை வைக்கவும் நல்ல இடம்.

கரிசலுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. இங்கே புல் வெட்டும் வேலை ஐப்பசியிலிருந்து தை வரைதான். பிறகு எட்டு மாதம் மிஷின் மூலையில் கிடக்கும். நாட்டில் பெட்ரோலோடு 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2025-ல் எட்டப்பட்டுவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். டேங்கில் மிச்சம் விட்ட பெட்ரோல் எட்டு மாதத்தில் கெட்டு, கார்புரேட்டரில் பிசினாகப் படியும். முதல் மழைக்குப் பிறகு மிஷினை வெளியே எடுத்துக் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சலித்து, கடைசியில் மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகும் கதை பலருக்கும் தெரியும். பேட்டரி பேக்கைப் பாதிச் சார்ஜில் எடுத்து வைத்து, இடையில் ஓரிரு முறை பார்த்துக்கொண்டால் ஐப்பசியில் பட்டனை அமுக்கியதும் ஓடும். ஆண்டில் நான்கு மாதமே வேலை இருக்கிற மானாவாரி பூமிக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

விலைக் கணக்குக்கு வருவோம். நல்ல பேட்டரி மிஷினுக்கு இரண்டு பேக் சேர்த்து முதலில் கூடுதலாகத்தான் ஆகும். ஓட்டச் செலவு வேறு கதை. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைச் சுற்றி விற்கிறது. டூ-ஸ்ட்ரோக் என்றால் அதில் ஆயிலும் கலக்க வேண்டும். அந்த 144 வாட்-மணி பேக்கை ஆறு முறை சார்ஜ் செய்தால் ஏறக்குறைய ஒரு யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். எனினும் ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை வெட்டுகிறவர் எதையும் வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுப்பதே லாபம்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் குடிக்கும் எரிபொருளில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. அது வெட்டுகிறவரின் மூக்குக்குத்தான் நேராகப் போகிறது. கலிபோர்னியா மாநிலம் 2021-ல் சட்டம் இயற்றி, 2024 முதல் தயாராகும் இத்தகைய சிறு பெட்ரோல் இன்ஜின் தோட்டக் கருவிகளை விற்கத் தடை கொண்டுவந்ததற்கு இந்தப் புகையே காரணம்.

கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர், சிவகாசி என்று நீளும் தீப்பெட்டி, பட்டாசுப் பூமியில் தீயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தைக் கடைசியில் காய்ந்த புல்லில் பெட்ரோல் மிஷினின் சைலன்சர் சூடும், ஊற்றும்போது சிந்தும் பெட்ரோலும் சேர்ந்தால் பக்கத்துப் படப்பு வரை போய்விடும். பேட்டரியில் இந்த இரண்டும் இல்லை. ஆனாலும் இரும்புப் பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்கும். காய்ந்த இடத்தில் நைலான் நரம்புதான் மாட்ட வேண்டும். பட்டாசு மருந்து கையாளும் ஷெட்டை ஒட்டி எந்த மோட்டாரும் கூடாது.

நரம்புக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வெட்டிய புல் ஆட்டுக்குப் போவதானால் அதைக் கழற்றிவிட வேண்டும். நரம்பு புல்லைப் பொடியாகச் சிதைக்கிறது. தன் துணுக்குகளையும் அதில் உதிர்த்துவிடுகிறது. தீவனத்துக்குப் பிளேடுதான், அதையும் ஈரம் இருக்கும் நாளில், கல் இல்லாத இடமாகப் பார்த்து ஓட்ட வேண்டும்.

உருளும் சக்கர மிஷினைக் கல்லூரி, ஆலைப் புல்தரைக்கு வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரக் கரிசல் சக்கரத்திலும் பிளேடிலும் அப்பிக்கொள்ளும். கோடையில் வெடிப்பில் சக்கரம் இறங்கும். மழை விட்டு மண் இறுகிய பிறகே இறக்கி, புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் ஓட்டினால் புல்லும் பிழைக்கும், பேக்கும் நீடிக்கும்.

மிச்சமிருப்பது, பழுதானால் பார்க்க ஆள் இல்லை என்ற குறை. அதில் நியாயம் இருக்கிறது. தனி பேக் கடையில் கிடைக்கிறதா, என்ன விலை, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்க வேண்டும். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. அதை எங்கே கொடுப்பது என்பதையும் வாங்கும் அன்றே கடைக்காரரிடம் கேட்டுவிடலாம்.