பம்பைக் கழற்றுமுன் டேங்கைப் பாருங்கள்

சேலத்தில் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் பக்கம் போகிற பழைய லாரி தொப்பூர் மேட்டில் இழுக்காமல் திணறினால், பெரும்பாலான பட்டறைகளில் கேட்கிற பதில் ஒன்றுதான்: "பம்பு போச்சுங்கண்ணா, இறக்கிக் கேலிபரேஷனுக்குக் குடுத்துடலாம்." ஒரே ஒரு வண்டியை வைத்து ஓட்டிக்கொண்டு, மாதா மாதம் தவணை கட்டுகிறவருக்கு இந்த ஒரு வாக்கியம் பல ஆயிரம் ரூபாய்ச் செலவு, வண்டி நிற்கும் நாட்களின் வாடகை இழப்பு அதற்கு மேல். பல நேரங்களில் அந்தப் பம்பில் குறையே இருப்பதில்லை என்பதால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

நான் சொல்வது காமன் ரெயில் வருவதற்கு முந்தைய வண்டிகளைப் பற்றி. 697 எஞ்சின் போட்ட டாடா, ஹினோ எஞ்சின் போட்ட லேலண்ட் போன்றவை. அவற்றில் இருக்கும் இன்லைன் பம்பை, அதைத் தயாரித்த மைக்கோ கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும், நம் ஆட்கள் மைக்கோ பம்பு என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த வண்டிகளில் டீசலுக்கு இரண்டு அழுத்தங்கள் உண்டு. நாசில் திறந்து டீசலைப் பீய்ச்சுவது 200 பார் அளவில். அந்த வேலை பெரிய பம்பான இந்த இன்லைன் பம்பினுடையது. ஆனால் பெரிய பம்பு டேங்கிலிருந்து தானாக டீசலை எடுப்பதில்லை. அதன் விலாவில் ஒட்டியிருக்கும் சிறிய ஃபீட் பம்புதான் டீசலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக அனுப்பி, பெரிய பம்பின் உள்ளறையை 1 பாருக்குச் சற்று மேலான அழுத்தத்தில் நிரப்பி வைக்கிறது. இந்தச் சிறிய அழுத்தம் விழுந்தால் உள்ளறை முழுதாக நிரம்பாது. நிரம்பாத பம்பு எவ்வளவு புதிதாக இருந்தாலும் அளவான டீசலைத் தள்ளாது. லோடு இல்லாதபோது தெரியாத இந்தக் குறை, டீசல் அதிகம் தேவைப்படும் மேட்டில்தான் வெளியே வரும்.

"போன தடவை இப்படித்தான் ஆச்சு, பம்பு வேலை பார்த்ததும் சரியாயிடுச்சே" என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் பம்பைக் கழற்றிப் பூட்டும்போது கூடவே நடப்பவற்றைக் கவனியுங்கள். பழைய செம்பு வாஷர்கள் மாறுகின்றன. தளர்ந்த யூனியன்கள் இறுகுகின்றன. ஃபீட் பம்பின் சல்லடை கழுவப்படுகிறது. கடைசியில் உள்ளே தங்கிய ஏரை வெளியேற்றிவிடுகிறார்கள். வண்டியைச் சரியாக்கியது இவற்றில் ஒன்றாகவே இருக்கலாம். பெயர் மட்டும் கேலிபரேஷனுக்குப் போகிறது. இன்னொன்றும் உண்டு. கேலிபரேஷன் மெஷினில் பம்புக்கு டீசல் கொடுப்பது அந்த மெஷினின் சொந்த சப்ளை. சுத்தமாக, மாறாத அழுத்தத்தில் வரும். உங்கள் வண்டியின் டேங்க், பைப், ஃபில்டர் எதுவும் அங்கே சோதிக்கப்படுவதில்லை. மெஷினில் அருமையாக ஓடிய பம்பு வண்டியில் ஏறியதும் மறுபடி சோர்ந்துபோவது இதனால்தான்.

"எங்கயும் ஒரு சொட்டு ஒழுகல, அப்புறம் எங்க லீக்கு?" இது இன்னும் ஆழமாக வேரோடியிருக்கிற தவறு. டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரையுள்ள பைப்பில், எஞ்சின் ஓடும்போது இருப்பது உறிஞ்சல். அங்கே ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பைப் உலர்ந்து பளிச்சென்று இருக்கும், உள்ளே குமிழி ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கண்ணால் பார்க்கலாம். ஃபீட் பம்புக்குப் போகும் இடத்தில் ஒரு முழம் டீசல் தாங்கும் கண்ணாடி ட்யூபைப் பூட்டி, ஆக்சிலேட்டரை மிதித்துப் பாருங்கள். நல்ல வண்டியில் ட்யூபுக்குள் எதுவும் அசைவதே தெரியாது. ஏர் எடுக்கிற வண்டியில் சிறு மணிகள் வரிசையாக ஓடும்.

அடுத்து, ஃபில்டர் மாற்றிவிட்டால் சப்ளை சரி என்ற நம்பிக்கை. ஃபில்டர் இருப்பது ஃபீட் பம்புக்குப் பின்னால். அதற்கு முன்னால் டேங்குக்குள் ஒரு சல்லடை, ஃபீட் பம்பின் வாயில் இன்னொன்று. பழைய ரப்பர் ஹோஸில் உள்சுவர் உரிந்து மடல்போல் தொங்கி, உறிஞ்சும்போது மட்டும் வழியை அடைப்பதும் உண்டு. வெளியே தடவிப் பார்த்தால் தெரியாது. டேங்க் மூடியின் காற்றுத்துளை சேறு பிடித்து அடைந்திருந்தால், ஓட ஓட டேங்குக்குள் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். வண்டி திணறும்போது ஓரங்கட்டி மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், பிறகு கொஞ்ச தூரம் நன்றாக இழுக்கும். புது மூடி ஒன்று போதும்.

ஹேண்ட் பிரைமரை அடித்து, "கெட்டியா வருது, ஃபீட் பம்பு நல்லாருக்கு" என்று முடித்துவிடுவதும் சரியல்ல. ஃபீட் பம்புக்குள் கேம் தள்ளுவது பாதி வேலைதான். டீசலை ஃபில்டருக்கு அனுப்புவதும், அதே நொடியில் டேங்கிலிருந்து உறிஞ்சுவதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் திரும்பி விரியும்போது நடப்பவை. அந்த ஸ்பிரிங் தளர்ந்தாலோ உடைந்தாலோ அழுத்தம் விழும். கையால் பிரைமர் அடிக்கும்போது ஸ்பிரிங்குக்கும் பிளஞ்சருக்கும் வேலையே இல்லை. இரண்டு வால்வுகள் மட்டும்தான் சோதிக்கப்படுகின்றன. போதாததற்கு, அடித்து முடித்த குமிழைத் திருகி இறுக்காமல் விட்டால் அதன் வழியாகவே ஏர் எடுக்கும்.

இத்தனை சந்தேகங்களையும் பிரித்துக் காட்ட ஒரு சின்ன பிரஷர் கேஜ் போதும். கேஜ் இல்லாமல் பம்பில் கைவைக்கும் பழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. காய்ச்சல் அளக்காமல் ஊசி போடுவதுதான் அது. ஃபில்டருக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளந்து பாருங்கள். முன்னால் நன்றாகக் காட்டி, பின்னால் இறங்கினால் ஃபில்டர். இரண்டிலும் குறைவென்றால், பெரிய பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸை ஒரு கணம் நசுக்கிப் பிடியுங்கள். முள் சட்டென்று ஏறினால் ஃபீட் பம்பு நல்லது, டீசலைப் பிடித்து வைக்க வேண்டிய ஓவர்ஃப்ளோ வால்வுதான் சோர்ந்திருக்கிறது. அந்த வால்வு தொலைந்துபோய், யாரோ சாதாரண துளை போல்ட்டைப் போட்டு முறுக்கியிருந்தாலும் முள் இப்படித்தான் நடந்துகொள்ளும். முள் ஏறவே இல்லையென்றால், ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, சைலன்சர் சூடு படாத உயரத்தில் கட்டி, ஃபீட் பம்புக்கு நேராகக் கொடுத்துப் பாருங்கள். இப்போது அளவு சரியாக வந்தால் குறை டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். வராவிட்டால் ஃபீட் பம்பைப் பிரிக்கலாம். இதுவரை பெரிய பம்பின் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.

எலக்ட்ரிக் பம்பு ஒன்றை நடுவில் சேர்த்துவிட்டால் எல்லாம் தீரும் என்பவர்களும் இருக்கிறார்கள். தளர்ந்த ஸ்பிரிங்கையும் அடைந்த சல்லடையையும் அது சில காலம் மறைக்கும், அவ்வளவுதான்.

பெரிய பம்பும் தேயும், மறுக்கவில்லை. ஆனால் அதன் அடையாளம் வேறு. காலையில் முதல் செல்ஃபில் பிடிக்கும் வண்டி, நன்றாகச் சூடேறி நிறுத்தியபின் மறுபடி பிடிக்க மறுத்தால், கேஜிலும் அளவு சரியாக இருந்தால், பிளஞ்சர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் பிரைமர் அடித்தால்தான் பிடிக்கிறதென்றால், டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது, லீக்கைத் தேடுங்கள். திணறும்போது கரும்புகை கக்கினால் அது டீசல் பற்றாக்குறையே அல்ல, ஏர் கிளீனரையும் டர்போவையும் பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்தபின் பம்பை இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஃபீட் பம்பையும் ஓவர்ஃப்ளோ வால்வையும் வண்டியிலேயே விட்டுவிடாமல் கூடவே கொடுத்தனுப்புங்கள். கேஜில் வந்த எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பம்பின் மேல் ஒட்டிவிடுங்கள்.