கையொப்பம் யாருடையது?

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். ஆயினும் பொற்கொல்லன் சொன்ன சொல்லை ஆராயாமல் நம்பினான்; கோவலன் உயிர் போயிற்று. கண்ணகி சிலம்பை உடைத்தாள். முத்து இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்தது. அந்தச் சோதனையைத் தீர்ப்புக்கு முன்பே செய்திருந்தால் மதுரை எரிந்திராது அன்றோ! சிலப்பதிகாரத்தை நான் ஒரு வழக்குக் கட்டாகவே படிக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். என் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது; கைரேகைதான். எங்களுக்குள்ள அரை ஏக்கர் புன்செய் நிலத்தின் வரப்புத் தகராறு, நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது நீதிமன்றம் போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும்; பேருந்துச் செலவு வேறு. சென்ற விடுமுறையில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டிலிருந்த ஆங்கில மனுவைப் படித்தேன். நிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள கிணறு என்று ஒரு வரி. எங்கள் நிலத்தில் கிணறே இல்லை! யாருக்கோ தயாரித்த மனுவில் பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றிக் கணிப்பொறியில் அச்சடித்திருக்கிறார்கள். அடியில், "தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு கைரேகை வைத்தார்" என்னும் பொருளில் ஒரு குறிப்பு. யார் வாசித்தார்கள் என்று தந்தையைக் கேட்டேன். "வைக்கச் சொன்ன எடத்துல வச்சேன்பா" என்றார்.

நகலெடுத்ததற்கே இந்தக் கதி. இப்போதோ, கேட்ட மாத்திரத்தில் மனுவையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. நியூயார்க்கில் 2023-இல் நடந்ததைப் பாருங்கள். விமானத்தில் தள்ளுவண்டி இடித்துக் காயம்பட்டதாகப் பயணி ஒருவர் தொடுத்த வழக்கு அது. அவர் தரப்பு வழக்கறிஞர்கள் காட்டிய முன் தீர்ப்புகளில் ஆறு, எந்த நீதிமன்றமும் வழங்காதவை! சாட்ஜிபிடி புனைந்து கொடுத்தவை. இவை உண்மைதானா என்று அந்தச் செயலியையே கேட்டிருக்கிறார்கள். அதுவும் ஆம் என்றிருக்கிறது. சிலம்பைச் சோதிக்கப் பொற்கொல்லனையே அழைத்த கதைதான். வழக்கறிஞர் இருவருக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தார் நீதிபதி. கருவியைப் பயன்படுத்தியதை அவர் குற்றமென்று சொல்லவில்லை. சரிபார்க்கும் கடமை வழக்கறிஞருடையது என்றே சொன்னார்.

வழக்கறிஞர்களை மட்டும் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. முதலாண்டில் தனி ஊசல் சோதனையின்போது, சீனியர் அண்ணன் ஒருவரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து அளவீடுகளை எடுத்து எழுதினேன். விடை மிகச் சரியாக வந்தது. "எந்த நீளத்தில் முதலில் தொங்கவிட்டாய்?" என்று ஆசிரியர் கேட்டார். வாய் திறக்க முடியவில்லை. அன்று எனக்குப் போனது இரண்டு மதிப்பெண். மனுவில் அதே தவறு நேர்ந்தால் ஏழைக்குப் போவது அரை ஏக்கர்.

ஆகவே கருவியே வேண்டாம் என்பேனா? மாட்டேன். நாட்டில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 5 கோடிக்கு மேல். மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் நடுவண் அரசு 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. வாய்தா நாளை நானே கைப்பேசியில் பார்த்துச் சொல்வதால் தந்தையின் வீண் அலைச்சல் குறைந்திருக்கிறது. தீர்ப்பை முடிவு செய்யச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு நெறி வகுத்தது. அத்தகைய வேலி வழக்கறிஞரின் மேசைக்கும் வேண்டும்.

நான் வேண்டுவன மூன்று. முதலாவது, காட்டும் ஒவ்வொரு முன் தீர்ப்பையும் மூலத்தில் பார்த்ததாக வழக்கறிஞர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரண்டாவது, கட்சிக்காரர் நம்பிச் சொன்ன இரகசியத்தை அவர் சம்மதமின்றி எந்தச் செயலியிலும் இடக்கூடாது. மூன்றாவது, அவருக்குத் தெரிந்த மொழியில் மனுவை வாசித்துக் காட்டிய பிறகே கைரேகை வாங்க வேண்டும். மொழிபெயர்க்க இயந்திரம் உதவட்டும். பொறுப்பேற்பவர் மனிதராக இருக்கட்டும். வறுமையினால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்பதற்காகவே, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்ந்தது. எழுத்தறியாமையினாலும் அது மறுக்கப்படலாகாது.

கிணற்று வரியை நீக்கத் திருத்த மனு போட்டிருக்கிறோம். அதை நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, தந்தை 'ம்' கொட்டிக் கேட்டார். இரண்டு இடங்களில் "அப்படி இல்லப்பா" என்று திருத்தினார். பிறகுதான் கைரேகை வைத்தார்.

மாணவத் தோழர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படியொரு கட்டு இருக்கக்கூடும். இந்த விடுமுறையில் எடுத்து, உரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.